சத்தம் இல்லாத கல்யாணம்

— அழிச்சிட்டேன்னு மட்டும் சொல்லிடாத புள்ள. ஹந்தானையில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன்.

— அழிக்கல்ல அம்மா. சின்னதாக்கினேன். அது வேற, இது வேற.

— எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எம் மக கல்யாணம் ஒன் கம்பியூட்டர்ல இருக்கா, இல்லையா?

— ஈக்கி. முழுக் கல்யாணமும் ஈக்கி. மகள்ட பேரு தர்ஷிகா தானே? ஆவணி மாசம், தோட்டத்துக் கோயில்ல. எங்கட ரஸீன் நானா தான் வந்து எடுத்தது.

— ஆமா. நீ ரஸீன் தம்பியோட தங்கச்சியா?

— ஓ. றிப்தா. நானா எடுப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். அவர் இண்டைக்கு கம்பளையில ஒரு கல்யாணத்துல. நீங்க இந்தக் கதிரையில ஒக்காருங்க அம்மா. ஏழு மாசமா வீடியோ குடுக்காம ஈக்கிறது எங்கட பிழை தான். மண்சரிவு நியூஸ் கேட்டதும் ஒங்களுக்கு கோல் எடுக்க எனக்கு மனசு வரல்ல. கல்யாண வீடியோ ரெடிண்டு எப்பிடி செல்றது?

— வீடியோவுக்கு வரல புள்ள. எம் வீட்டுக்காரரு பேசுனது வேணும்.

— கணபதி ஐயாவா?

— பேரு கூட தெரிஞ்சி வச்சிருக்கியே.

— பேப்பர்ல பேர் எல்லாம் போட்டீந்தாங்க. ஏழு பேர். நான் வாசிச்சிட்டு உம்மாக்கு சென்னேன், இவங்கட கல்யாணம் எங்கட டிஸ்க்குல ஈக்கிண்டு.

— அன்னைக்கி பூரா கேமரா சுத்திக்கிட்டே இருந்திச்சே. அவரு சும்மா வாய மூடிக்கிட்டு இருக்குற ஆளா? பந்தல்காரன ஏசுறாரு, சமையல்காரன ஏசுறாரு. எங்கயாச்சும் பதிஞ்சிருக்கும்ல?

— அம்மா, பொறுங்க. முதல்ல ஒண்டு காட்டுறேன். இந்தா. வாழ மரத்துக்குப் பக்கத்துல, வெள்ளச் சட்ட.

— ஐயோ. அவருதான். அந்தச் சட்ட கண்டி டவுன்ல எடுத்தது. காலரு கழுத்த அறுக்குதுன்னு பட்டன கழட்டுறதும் நான் போட்டு விடுறதும்... பாரு, மறுபடி கழட்டுறாரு. என்னா புள்ள, பாட்டு ஓடுது?

— கல்யாண வீடியோவுக்கு பாட்டு தானே அம்மா போடுறது.

— அவரு வாய் அசையுது. யாரையோ கூப்புடுறாரு. இவரு வாயத் தொறந்தா எவளோ ஒருத்தி பாடுறா. நிப்பாட்டு அத.

— நிப்பாட்டினா பாக்க நல்லா ஈக்காது.

— நிப்பாட்டு புள்ள.

— இந்தா, நிப்பாட்டிட்டேன்.

— இப்ப சத்தத்தக் கூட்டு.

— கூட்டித்தான் ஈக்கி.

— ஒண்ணும் கேக்கலயே.

— கேக்காது அம்மா. அதுல சத்தமே இல்ல.

— ஒனக்கு மூள கீள கொழம்பிப் போச்சா? அம்புட்டு மேளம் அடிச்சாங்க, சத்தம் இல்லங்குற?

— கேமராவுல ஈந்திச்சி. நான் எடுத்தத்துல இல்ல. எப்பிடி செல்ற... நானாட புதுக் கேமராவுல ஒவ்வொரு ஃபைலும் சரியான பெருசு. இந்தப் பழைய கம்பியூட்டர்ல போட்டா நகராது, தெணறி நிண்டுரும். அதனால கல்யாணத்த கன்வர்ட் பண்ணி சின்னதா ஒரு கொப்பி எடுத்து, அதுல தான் நான் வேல செய்றது. கன்வர்ட் பண்ணக்குள்ள சத்தமும் வேணுமாண்டு ஒரு கட்டம் வரும். நான் அதுல சரி போடுறதே இல்ல.

— ஏன்?

— பாட்டுத் தானே போடப் போறோம். எத்தினையோ கல்யாணம் செஞ்சீக்கிறேன், ஒருத்தராவது வந்து பேச்சுச் சத்தம் எங்கண்டு கேட்டதில்ல. ஜெனரேட்டர் எரையுறது, புள்ளைகள் அழுவுறது, அது தான் ஈக்கும். எடம் மிச்சம்ண்டு வுட்டுட்டேன்.

— சரி. அந்தப் பெருச எடு. கேமராவுல இருந்து வந்தத.

— அங்க தான் ஒங்களுக்கு மொகம் குடுக்கேலாம ஈக்கிறேன் அம்மா.

— சொல்லு.

— ஆவணியில பதினொரு கல்யாணம். டிஸ்க் நெறஞ்சிட்டு. நானா கேமராட மெமரி கார்ட வெறுமையாக்கி அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டு போயிட்டார். 'பெருச அழிச்சி எடம் எடு, சின்னது ஈக்கி தானே, எல்லாரும் ஃபோன்ல தானே பாக்குறாங்க'ண்டு சென்னார். நானும் சரிண்டு...

— அப்ப அழிச்சிருக்க.

— ஓ. அழிச்சீக்கிறேன். வந்த ஒடனே செல்லப் பயந்துட்டேன். மாப்புத் தாங்க. ஏசுங்க.

— ஏசி என்னத்தக் காண? நீ அழிக்கிறப்ப அவரு உசுரோட வெறகு கொத்திக்கிட்டு இருந்திருப்பாரு. ஒனக்கு என்னா தெரியும்.

— தண்ணி குடிப்பீங்களா?

— வேணாம். ஒண்ணு கேக்குறேன், நல்லா யோசிச்சிச் சொல்லு. விடியக்காலையில எடுத்தது? ஆளுங்க வாறதுக்கு முந்தி, எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாடி. பனி ஏறுறத எடுக்கணும்னு சொல்லி, தண்ணித் தாங்கிக்கிட்ட கேமராவ மூணு கால் மேல நிறுத்தி வச்சிட்டு, ரஸீன் தம்பி எங்க காம்பிரா வீட்டுல தேத்தண்ணி குடிக்க உக்காந்தாரு. அதுல சிவப்பா ஒரு பொட்டு எரிஞ்சிச்சு. நான் பார்த்தேன்.

— பனி... மலையும் தகரக் கூரையும் தெரியுறதா?

— தெரியும். எங்க லயத்துக் கூரை.

— அந்த ஷாட்ட நான் வீடியோவுல போடல்ல. நானா ஏசினார், நல்ல ஷாட் ஒண்டு எடுத்தேனே எங்கண்டு. ஏன் போடல்ல நான்... ஆ. அது கன்வர்ட் ஆவல்ல அம்மா!

— அப்படின்னா?

— எடுத்துக்கிட்டு ஈக்கக்குள்ள பட்டரி செத்தீக்கி. கேமரா ஒழுங்கா முடிச்சி வைக்கல்ல. வாய் கட்டாத சாக்கு மாதிரி, அப்பிடியான ஃபைல கம்பியூட்டர் தொறக்காது, கன்வர்ட்டும் பண்ணாது. அப்பிடி ஆவாததுகள நான் அழிக்கிறதில்ல. 'பொறகு பாக்க'ண்டு ஒரு ஃபோல்டர் வச்சீக்கிறேன், அதுல தூக்கிப் போடுவேன்.

— பாத்தியா பொறகு?

— எங்க பாக்குறது? ஒரு நாளும் பாத்ததில்ல. பொறுங்க, தேடுறேன்... இந்தா ஈக்கி! ஆவணி, காலம ஆறு இருவதுண்டு போட்டீக்கி. கேமராவுல வந்த பெரிய ஃபைல், அப்பிடியே. அல்லாஹ்வே.

— போடு.

— இப்பவே தொறக்காது. திருத்தணும். அதே கேமராவுல எடுத்த நல்ல ஃபைல் ஒண்ட பக்கத்துல வச்சிக் காட்டினா, அதப் பாத்துத் தானா திருத்துற ஒரு வழி ஈக்கி. நேத்து எடுத்த கல்யாணம் ஒண்டு ஈக்கி, அத வச்சிப் பாப்போம். சரி வருமோ தெரியா.

— எம்புட்டு நேரம்?

— அர மணித்தியாலம். சரி வராட்டி அதுவும் போச்சு, செல்லிட்டேன்.

— செய். நான் எங்கயும் போகல.

— தொடங்கிட்டு. பாருங்க, இந்தப் பச்சக் கோடு அடுத்த பக்கத்துக்குப் போகணும்.

— மேல தகரமா புள்ள? மழ இப்புடிச் சத்தம் போடுது.

— ஓ, மாடிக்குத் தகரம் தான். பங்குனி மாசம், பின்னேரம் ஆனா பிலிமத்தலாவையில இப்ப இப்பிடித் தான் கொட்டுது. பயப்புடாதீங்க. இங்க பின்னால மலை இல்ல, ரோட்டு தான்.

— தகரத்துல மழ விழுந்தா நான் எந்திரிச்சி வாசலுக்குப் போயிருவேன். ஸ்கூல்ல எங்கள வச்சிருந்த ரெண்டு மாசமும் நான் ஒழுங்கா தூங்கல.

— மண்ணு சரிஞ்ச அண்டைக்கு நீங்க எங்க ஈந்தீங்க அம்மா?

— ஹேவாஹெட்டயில. மக வீட்டுல. மறுவீட்டுக்குக் கூட்டியாரப் போனேன்.

— கார்த்திகையிலயா? கல்யாணம் முடிஞ்சி மூணு மாசத்துக்குப் பொறகா மறுவீடு?

— மூணாம் நாளே வந்திருக்கணும். மாப்பிள்ளையோட பெரியப்பா செத்துப் போயிட்டாரு. துடக்கு. அப்புறம் மாப்பிள்ளைக்குக் கொழும்புல லீவு குடுக்கல. தள்ளித் தள்ளிப் போயிருச்சு. அவரு தெனம் கேப்பாரு, மறுவீடு எப்ப, மறுவீடு எப்பன்னு. காலண்டருல பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தாரு. எல்லாரும் நெனச்சாங்க, மக மேல அம்புட்டு ஆசைன்னு.

— ஆச தானே.

— விடிஞ்சா புள்ளையோட வந்து எறங்குவேன்னு ராத்திரி ஃபோன்ல சொன்னேன். 'நாளைக்கு மறுவீடு முடிஞ்சிரும்ல'ன்னு கேட்டாரு. 'முடிஞ்சிரும்'னேன். 'அப்ப சரி'ன்னு வச்சிட்டாரு. விடியிறப்ப லயம் இல்ல.

— யா அல்லாஹ்.

— கோடு எம்புட்டு போயிருக்கு?

— கால்வாசி தாண்டிட்டு. நிக்கல்ல, நல்ல சகுனம்.

— ஞாயித்துக்கெழமக்குள்ள வேணும் புள்ள. ஃபோன்ல போட்டுக் குடுத்துரு.

— ஞாயித்துக்கெழம என்ன?

— கோயிலடியில கல்லு நடுறாங்க. செத்தவங்க பேரு வெட்டி.

— நல்ல விசயம்.

— ஏழு பேரு செத்தாங்க. கல்லுல ஆறு பேரு.

— யார்ட பேர் இல்ல?

— அவரு பேருதான். தோட்டத்துத் தலைவரு பேரு.

— ஏன் அம்மா? அவரும் தானே மௌத்தாப் போனார்?

— அவருக்கு முன்னமே தெரியுமாம். லயத்துக்குப் பின்னாடி மண்ணு வெடிச்சிருந்தத அவரு பார்த்தாராம். பார்த்தும் ஒருத்தருகிட்டயும் சொல்லலயாம். வெடிப்புல மண்ணு போட்டு, மேல சாக்கு விரிச்சத ரெண்டு பேரு கண்டிருக்காங்க.

— மெய்யா?

— மெய்தான். போட்டாரு.

— அல்லாஹ்.

— பக்கத்துக் காம்பிரா நிலூஷாவ உங்க அண்ணன் எடுத்திருப்பாரு. பூத்தட்டு புடிச்சிக்கிட்டு நின்ன புள்ள. ஆறாம் வகுப்பு.

— செவப்புப் பாவாட. முன்பல் ஒண்டு ஒடஞ்சீக்கி. எல்லா ஷாட்லயும் கேமராவப் பாத்துச் சிரிக்கும். தெரியும்.

— அவளும் போயிட்டா, அவ அம்மாவும் போயிட்டா. அப்பன் ரமேஸ் கொழும்புல வேலயில இருந்ததுனால தப்பிச்சான். அவன் சொல்லிட்டான், தலைவரு பேரு ஏறுனா கல்ல ஒடப்பேன்னு. அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் எடத்துல நானும் ஒடப்பேன்.

— நீங்க எடுத்துச் செல்லல்லயா? ஒங்கட வீட்டுக்காரர் பிழ செய்யல்லண்டு.

— சொன்னேன். நடந்தத நடந்தபடியே, கோயில் கமிட்டி முன்னாடி நின்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல.

— ஏன்?

— செத்த புருசனுக்காகப் பொஞ்சாதி எதையும் சொல்லுவாளாம். ரமேஸ் எந்திரிச்சிக் கையெடுத்துக் கும்புட்டான். 'நீங்க நல்லவங்க அக்கா, அந்தாளுக்காகப் பொய் சொல்லாதீங்க'ன்னான். எல்லாரும் எனக்காக அழுவுறாங்க புள்ள. சோறு கொண்டாந்து குடுக்குறாங்க. நான் அத மூடியே வச்சிருவேன்.

— வெளங்குது. அதுக்குத் தான் அவர்ட பேச்சு. அதுல அவர் ஏதோ செல்லீக்கிறார், என்ன?

— இருந்தா இருக்கும். இல்லாட்டி எனக்கு இந்த ஒலகத்துல ஒரு சாட்சி இல்ல. அந்தச் சிவப்புப் பொட்டு மட்டுந்தான்.

— துஆ செய்றேன் அம்மா. மெய்யாச் செல்றேன். நான் ஒங்களுக்குச் செஞ்ச பிழைக்கி இதாவது சரி வரணும்.

— கோடு நின்னுருச்சு.

— நிக்கல்ல, முடிஞ்சீக்கி! பொறுங்க. தொறக்குது. தொறக்குது அம்மா. இந்தா, பனி.

— எங்க மல. அப்புடியே நிக்குது.

— ஒங்கட லயம் இதா?

— ஆமா. அந்தத் தகரத்துக்கு மேல கல்லு வச்சிருக்கே, அது எங்க காம்பிரா. பாரு, பொகை வருது. நான் அடுப்பு மூட்டிட்டு வந்தேன் அப்பத்தான். இதுல ஒண்ணும் இப்ப இல்ல புள்ள. ஒரு தகரம் இல்ல.

— ஆள் ஒருத்தரும் தெரியல்ல.

— தெரியாது. நாங்க கேமராவுக்கு இங்கிட்டு நின்னோம். சத்தம் வருதா? அதச் சொல்லு.

— சேவல் கூவுது. கேக்குதா?

— கேக்குது. நம்ம நிலூஷா வீட்டுச் சேவல். கூட்டு. இன்னும் கூட்டு.

— யாரோ நடந்து வாறாங்க. பேசாம ஈங்க, இப்ப கேக்கும்.

— "வீரம்மா, இங்க வா. கைய வச்சிப் பாரு. முழங்கை வரைக்கும் உள்ள போகுது."

— ஐயோ, எஞ்சாமி... என்னயத்தான் கூப்புடுறாரு.

— "நல்ல நாளும் அதுவுமா என்னத்தக் காட்டுறீங்க?"

— "நேத்து வெரலுதான் போச்சு. வெடிப்பு பெருகுது. இப்பவே ஆபீசுல சொல்லணும். எட்டுக் காம்பிராவையும் காலி பண்ணணும்."

— "சொன்னா எல்லாரையும் ஸ்கூலுக்கு ஏத்திருவாங்க. மாப்பிள்ள வீடு பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு. எங்க எறக்குவீங்க அவங்கள? ஸ்கூல் வாங்குல உக்கார வச்சா பந்தி போடுவீங்க?"

— "நான் தலைவரு வீரம்மா. புள்ளைங்க படுக்குற எடம் இது."

— "தாலி ஏறட்டும். மறுவீடு முடியட்டும். அது வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தர்ஷிகா தலையில சத்தியம் பண்ணுங்க."

— "என்னா பேச்சு பேசுற நீ?"

— "பண்ணுங்க. இல்லாட்டி இந்தக் கல்யாணத்துல நான் நிக்க மாட்டேன்."

— "சரி. மறுவீடு வரைக்கும். புள்ள மேல சத்தியம். மூணு நாளுதானே."

— முடிஞ்சிட்டு அம்மா. அதோட பட்டரி செத்தீக்கி.

— 'மூணு நாளுதானே'ன்னாரு. கேட்டியா? மண்ணு போட்டு மூடி மூடி மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்தாரு மனுசன். குடுத்த சத்தியத்த ஒரு நாள் முன்னாடி கூட மீறல.

— அம்மா, கண்ணத் தொடைங்க. இந்தாங்க.

— ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா இருக்கு, இல்ல? ஃபோன்ல போட்டாலும் இப்புடிக் கேக்குமா? கோயிலடியில எல்லாருக்கும் கேக்கணும்.

— கேக்கும். ஆனா கொஞ்சம் யோசிங்க. அந்தப் பொம்பளக் கொரல் ஒங்கடது. ஆருக்கும் வெளங்கும். நிலூஷாட அப்பா அங்க நிப்பார். அவருக்கு முன்னால இதப் போட்டா, ஒங்கள என்ன செய்வாங்கண்டு தெரியுமா? மக வீட்டுலயும் ஒங்கள வாசல்படி ஏத்துவாங்களா? பயப்புடாதீங்க, நான் செய்றேன். இது எனக்குத் தெரிஞ்ச வேல தான். ஒங்கட கொரல் வார எடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டு, 'இப்பவே ஆபீசுல சொல்லணும், புள்ளைங்க படுக்குற எடம்'ண்டு அவர் செல்ற துண்டுகள மட்டும் சேத்துத் தாரேன். வெட்டின எடம் ஒரு மனுசருக்கும் தெரியாது. அவர் செல்ல நெனச்சார்ண்டு எல்லாருக்கும் வெளங்கும், பேரும் கல்லுல ஏறும், ஒங்களுக்கும் ஒண்டும் ஆவாது. ஒங்களுக்கு வேண்டியது அவர்ட கொரல் தானே அம்மா?

— வெட்டாத. நாந்தான் அவரு வாயக் கட்டுனேன்னு சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. அவரு கொரலுக்கு நான் வரல புள்ள. என் கொரலுக்குத்தான் வந்தேன்.